பானை ஓடும் பெரியபட்டினமும்



சென்ற மாதம் மக்தபுக்கு வரும் பிள்ளை ஒருவன் கையில் ஒரு பானை ஓட்டோடு வந்தான். பூண்டு போட மண் கொத்தும்போது கிடைத்ததாம். அவன் அத்தா வரப்பில் வீசியதை இவன் பொறுக்கி வந்துவிட்டான். "இத வெச்சு என்ன தெரியும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இந்த மாதப் பாடத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

மரம் மக்கிவிடும், துணி மக்கிவிடும், இரும்பு துருப்பிடித்துவிடும். சுட்ட மண் மட்டும் அப்படியே கிடக்கும். மண் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால், யாரும் கிளறாத இடத்தில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது பிந்தையது. தொல்லியலார் குழியை அடுக்கு அடுக்காக இறக்கி, எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுதி வைப்பது இதனால்தான். எடுத்த இடமும் ஆழமும் தெரியாவிட்டால் எவ்வளவு அழகான பொருளானாலும் பாதி ஊமைதான்.

ஓடுகளிலும் சீனப் பீங்கான் ஓட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. எந்தச் சூளையில், எந்தக் காலத்தில், எந்த நிறப் பூச்சில் செய்தார்கள் என்பது சீனாவிலேயே நன்கு ஆராயப்பட்ட விஷயம். ஆகவே பச்சைப் பூச்சுள்ள ஒரு சில்லு நம் மண்ணில் கிடைத்தால், அது அந்த அடுக்குக்கு நாட்காட்டி மாதிரி. காசு அளவுக்குச் சில்லு இருந்தால் போதும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில், திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் அருகே, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது பெரியபட்டினம். இன்று பார்த்தால் தென்னையும் மணலுமான ஓர் ஊர். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு முதலானோர் அங்கே அகழாய்வு செய்தார்கள். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் அந்த ஊர் ஓடுகளை ஆராய்ந்தார். கிடைத்த சீனப் பீங்கான்களில் பெரும்பகுதி 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் எப்போது செழித்தது என்பதை அந்தச் சில்லுகளே சொல்லிவிட்டன.

எழுத்துச் சான்றுகளும் இதோடு ஒத்துப்போகின்றன. இப்னு பதூதா 1340களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவர் திரும்பிப் போன கடற்கரை நகரத்தை ஃபத்தன் என்கிறார். அங்கே கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல் இருந்ததாகவும் எழுதுகிறார். அதே காலத்தில் வாங் தாயுவான் என்ற சீனப் பயணியும் 'பெரிய பட்டன்' என்று பொருள்படும் ஒரு துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். இரண்டும் பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நம் குடும்பங்கள் கட்டாயம் அறியவேண்டியது மூன்றாவது சான்று. திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் சுவரில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளிக்கு அரசர் நிலம் விட்டதை அது பதிவு செய்கிறது. சோனகர் என்றால் முஸ்லிம்கள். அந்தப் பட்டினமும் பெரியபட்டினமே என்று கருதப்படுகிறது. பள்ளிவாசலுக்கு விட்ட மானியம் பெருமாள் கோயில் கல்லில் இருக்கிறது. எழுநூறு வருடத்துக்கு மேல் அந்தச் சாசனத்தைக் காத்து வைத்திருப்பது அந்தக் கோயில்தான்.

அப்படியானால் ஒரு நகரம் எப்படி உண்டாயிற்று? அரசன் ஆணையிட்டதும் நகரம் முளைத்துவிடாது. சோழர், பாண்டியர் காலத்தில் வணிகர் கூடி நிர்வகித்த ஊருக்கு 'நகரம்' என்று பெயர், துறைமுகத்துக்குப் 'பட்டினம்'. வயல்வெளி நெல் தரவேண்டும், நெசவாளர் வேண்டும், எண்ணெய் ஆட்டுபவர் வேண்டும், படகோட்டி வேண்டும், சரக்கு சுமப்பவர் வேண்டும். தொண்டிக்கு அருகே தீர்த்தாண்டதானத்தில் உள்ள 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இவர்களில் பலர் வருகிறார்கள். அஞ்சுவண்ணத்தார், மணிக்கிராமத்தார், கைக்கோளர், வாணியர், கரையார் என்று பலரும் கூடி, சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வைத்துக் கோயில் திருப்பணிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்து இங்கே வேர்விட்ட வணிகர்களின் அமைப்பு. பின்னாளில் அதில் முஸ்லிம்களே முதன்மையாக இருந்தார்கள். தோப்பில் முஹம்மது மீரான் 'அஞ்சுவண்ணம் தெரு' என்று நாவலுக்குப் பெயர் வைத்தாரே, அதே சொல்தான்.

வளர்ந்த நகரம் தேய்வதும் உண்டு. தாமிரபரணி வண்டலைக் கொட்டக் கொட்டக் கடல் விலகியது. கொற்கைத் துறைமுகம் தூர்ந்து வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்கும் துறைமுகமாகக் காயலைக் காட்டுகிறார். அந்தக் குதிரை வணிகத்தில் முன்நின்ற தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியருக்கு அமைச்சராகவே இருந்தார். பிறகு பழையகாயலும் வண்டலுக்குத் தப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே போனபோது கடலைக் காணவில்லை. ஆனால் சீன, அரபுப் பாண்டங்களின் உடைசல்கள் இரண்டு மூன்று மைல் தூரத்துக்குச் சிதறிக் கிடந்தன. அதை வைத்தே மார்க்கோ போலோ சொன்ன காயல் இதுதான் என்று அவர் உறுதி செய்தார்.

கடற்கரை ஊர்களின் கதையை மலைமேல் இருப்பவர்களுக்கு ஏன் சொல்கிறோம்? சில வருடங்களுக்கு முன் சமவெளியில் ஓர் ஊருக்கு நிக்காஹ்வுக்குப் போயிருந்தோம். பள்ளிவாசல் ஹவுளுக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல்லில் எழுத்து இருந்தது. தேய்ந்து தேய்ந்து மூன்று வரிதான் மிச்சம். அடுத்த முறை போனபோது அங்கே சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள், கல்லைக் காணோம். அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. நம் மையவாடிச் சுவரை முதலில் கட்டியபோது, சாய்ந்து கிடந்த பழைய மீஸான் கற்களில் சிலவற்றை நாமே அஸ்திவாரத்தில் போட்டுவிட்டோம். அன்று நிர்வாகத்தில் இருந்தவர்கள் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. எங்களுக்கும் படவில்லை.

மையவாடியின் தென்பக்கச் சுவர் வேலை மழைக்குப் பின் தொடங்க இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். அதற்குமுன் அங்குள்ள ஒவ்வொரு மீஸான் கல்லையும் நட்ட இடத்திலேயே படம் எடுத்து, எண் போட்டு, குறிப்பேட்டில் எழுத முடிவு செய்திருக்கிறோம். யாருடைய கப்ரு என்று தெரிந்த பெரியவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வந்து சொன்னால் பேருதவி. தோட்டத்தில் எழுத்துள்ள கல்லோ, முதுமக்கள் தாழியோ, காசோ தட்டுப்பட்டால் மேற்கொண்டு தோண்டாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். வெறும் ஓடு என்றால் எந்தக் காடு, எத்தனை அடி ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள்.

அந்தப் பிள்ளை கொண்டுவந்த ஓடு இப்போது அலுவலக அலமாரியில் இருக்கிறது. "ஒரு முழம் ஆழம், ஓடைக்கு மேற்கே இரண்டாவது பாத்தி" என்று அவன் கையெழுத்திலேயே சீட்டு ஒட்டியிருக்கிறோம்.