ஓர் எழுத்துப் பிழையும் ஓர் அரிவாளும்



நம் மாவட்டத்தில் நெல் அறுக்க இயந்திரம் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும் கருக்கரிவாளை அறியாதவர் உங்களுள் எவரும் இருக்க மாட்டீர்கள். கூரை இறவாணத்தில் செருகியிருக்கும் அந்தப் பிறை வடிவத்தைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வடிவம் மனித இரத்தத்தினுள் தோன்றுவதும் உண்டு.

நமது இரத்தச் சிவப்பணு, நடுவில் குழிந்த வட்டத் தட்டுப் போன்றது. தன்னைவிடக் குறுகலான தந்துகிகளிலும் வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். அதன் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அதனுள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமாகிய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் சுமார் 27 கோடி நிறைந்துள்ளன.

1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹெரிக் என்னும் மருத்துவர், கிரெனடாத் தீவிலிருந்து படிக்க வந்திருந்த ஓர் இளைஞரின் இரத்தத்தில் நீண்டு வளைந்த அரிவாள் போன்ற அணுக்கள் இருந்ததைப் பற்றி எழுதினார். காரணம் விளங்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும், நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் கண்டு, நோயின் வேர் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று நிறுவினர். பின்னர் கேம்பிரிட்ஜில் வெர்னன் இன்கிராம் என்பவர் 1956-இல் அந்த வேற்றுமையைத் தேடிப் புறப்பட்டார். அவர் கண்டுபிடித்ததுதான் நம்மை வியக்க வைக்கிறது.

ஹீமோகுளோபினில் பீட்டா என்றொரு சங்கிலி உண்டு. 146 அமினோ அமில மணிகள் கோத்த மாலை அது. நோயாளியிடம் அவற்றுள் ஆறாவது மணி மட்டும் மாறியிருக்கிறது. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருக்கிறது. மற்ற 145 மணிகளும் சரியாகவே உள்ளன! ‘பள்ளிக்குப் போனாள்’ என்று எழுதும்போது எழுத்துத் தவறி ‘பல்லி’ ஆகிவிட்டால் பொருள் என்னவாகும்? மரபணுவில் நேர்ந்ததும் அதுவே. அடினைன் இருந்த இடத்தில் தைமின் வந்துவிட்டது. இதையே திடீர்மாற்றம் என்கிறோம். எழுத்துப் பிழை எல்லாம் நோய் தருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சில மாற்றங்களுக்குப் பிறகும் அதே அமினோ அமிலமே வரும். புரதத்துக்கு ஒன்றும் ஆகாது.

குளுட்டாமிக் அமிலம் நீரோடு இணங்கி நிற்பது. வாலின் நீரை விட்டு ஒதுங்குவது. ஆகவே ஆக்சிஜனை இறக்கிவைத்தவுடன், மாறிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. இழைகள் உள்ளிருந்து தள்ள, அணு விறைத்து அரிவாளாக வளைகிறது. ஆக்சிஜன் கிடைத்ததும் மீண்டும் வட்டமாகும். ஆனால் பலமுறை இப்படி வளைந்து நிமிர்ந்த அணு ஒரு நாள் நிமிராமலே நின்றுவிடும். அத்தகைய அணுக்கள் பத்து இருபது நாட்களில் அழிகின்றன. அதனால் சோகை. அவை குறுகிய நாளங்களை அடைத்துக்கொள்வதால் எலும்பிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலி. மண்ணீரல் பழுதுபட, சிறு குழந்தைகளைத் தொற்றுநோய்கள் எளிதில் பற்றுகின்றன.

நம் பள்ளிகளில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை இந்தச் சோகையைக் குணப்படுத்தாது. இங்கே குறைவது இரும்பு அன்று.

இது எங்கோ தொலைதேசத்துக் கதை என்று எண்ணாதீர்கள். 1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நம் தமிழகத்து நீலகிரி மலைவாழ் மக்களிடமே இந்த அரிவாள் தன்மையைக் கண்டறிந்து அறிவித்தனர். இருளர், பணியர், குறும்பர் முதலிய பழங்குடியினரிடம் இது காணப்படுகிறது. தீங்கான ஒரு மரபணு தலைமுறை தலைமுறையாக ஏன் அழியாமல் நின்றது? 1954-இல் அந்தோணி அலிசன் ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வு விடை தந்தது. இந்த மரபணுவை ஒற்றையாகப் பெற்றவர்களைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை. கொசு மிகுந்த காடுகளில் இந்தப் பிழையே ஒரு கேடயமாக இருந்திருக்கிறது.

ஒற்றையாகப் பெற்றவர், அதாவது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ மட்டும் பெற்றவர், பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தாம் அதைச் சுமப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தை நோயுற்றுப் பிறந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குக் கவலை இல்லை என்று கணக்கிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. நோய்க்குத் தாய், தந்தை இருவரும் ஆளுக்கு ஒரு பிரதி தந்தாக வேண்டும். அப்படியிருக்க, ‘இவள் வந்த வேளை’ என்று மருமகளை மட்டும் தூற்றும் வீடுகளை என்னென்பது?

பெற்றோரும் படிக்கும் மலர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அத்தை மகனும் மாமன் மகளும் தம் மரபணுக்களில் சராசரி எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள்; தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு. முன்னோர் ஒருவரிடம் இருந்த பிழை இருபுறமிருந்தும் வந்து ஒரே குழந்தையிடம் சேர இத்தகைய மணம் வழி திறக்கிறது. அரிவாள் சோகை மட்டுமல்ல, தலசீமியா போன்ற வேறு நோய்களுக்கும் இது பொருந்தும். உறவு விட்டுப் போகக் கூடாது, சொத்து வெளியே போகக் கூடாது என்று பேசுகிற இடத்தில் இதையும் ஒரு வார்த்தை பேசலாம் அல்லவா?

மருத்துவம் இல்லாமல் இல்லை. குழந்தைகளுக்குப் பென்சிலினும் தடுப்பூசிகளும் உண்டு. நிறையத் தண்ணீர் குடிப்பதும் குளிரைத் தவிர்ப்பதும் உதவும். ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து, கருவில் இருந்தபோது நம்மிடம் இருந்த ஹீமோகுளோபினை மீண்டும் பெருக்கி வலியைக் குறைக்கிறது. 2023 ஜூலை முதல் நாளில் நம் நாடு, 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கி, ஏழு கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. அதே ஆண்டு நவம்பரில், மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்குப் பிரிட்டன் முதன்முதலாக ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு இருபது இலட்சம் டாலருக்கு மேல். கூடலூர் மலைச்சரிவில் தேயிலை பறிக்கும் ஒரு தாய்க்கு அது எட்டாத விலை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தில் செய்யும் முதல் சோதனையோ அவளுக்கு இன்றே எட்டும்.