டொமைன் மாற்றும் நாள்: எதை முதலில் தொடணும், எதைத் தொடவே கூடாது



இந்த வார எபிசோடில் சொந்தமா ஒரு விபிஎஸ் எடுத்து வெப்சைட் நடத்துறது பற்றிப் பேசினோம். டிஎன்எஸ் பகுதி வந்ததும் பேச்சு கொஞ்சம் வேகமா ஓடிடுச்சு. கார் ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க ரெக்கார்ட் பெயர்களை எல்லாம் நினைவில் வைக்க முடியாது. அதனால அந்தப் பகுதியை மட்டும் இங்கே நிதானமா எழுதுறேன். சேமிச்சு வைங்க, வேலை நாளன்று பக்கத்தில் வைச்சுப் பாருங்க.

உதாரணத்துக்கு ஒரு நிஜ வேலையை எடுத்துக்கலாம். மெல்பர்னில் எங்க பகுதியில் சனிக்கிழமை தோறும் ஒரு தமிழ்ப் பள்ளி நடக்குது. அதன் வெப்சைட்டைப் பழைய ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்து டிசம்பரில் ஒரு விபிஎஸ்ஸுக்கு மாத்தினோம். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்கும். சேர்க்கைக்கான மெயில் எல்லாம் டிசம்பர், ஜனவரியில்தான் வரும். வெப்சைட் ஒரு மணி நேரம் படுத்தா பெற்றோர் மறுபடி முயற்சி பண்ணுவாங்க. மெயில் சத்தமில்லாம நின்னா ஒரு குழந்தைக்கு அந்த வருஷம் இடம் போயிடலாம். இந்த வேலையின் வரிசை முழுக்க அதை மனசில் வைச்சுப் போட்டதுதான். டொமைன் பெயரை இங்கே ‘உதாரணம்.ஆர்க்’ என்று வைச்சுக்குவோம்.

1. மூணு சாவி யார்கிட்ட இருக்கு?

ரெஜிஸ்ட்ரார், டிஎன்எஸ் ஹோஸ்ட், வெப் சர்வர்: இந்த மூணும் ஒரே கம்பெனியில் இருந்தாலும் வேறு வேறு வேலை. ரெஜிஸ்ட்ரார் என்பது பத்திரம் பதிவான இடம். டிஎன்எஸ் ஹோஸ்ட் என்பது வழி கேட்கிறவங்களுக்கு வீட்டைக் கைகாட்டும் தெருமுனைக் கடைக்காரர். சர்வர்தான் வீடு. வீடு மாறும்போது கடைக்காரரிடம் புது முகவரி சொன்னா போதும். பத்திரத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனா பத்திரம் யார் பெயரில் இருக்குன்னு முதல் நாளே தெரிஞ்சிருக்கணும்.

எங்க பள்ளியின் டொமைன், பல வருஷம் முன்னாடி தன்னார்வலரா இருந்த ஒரு அண்ணாவின் சொந்த அக்கவுண்டில் இருந்தது. அவர் இப்போ வேறு நாட்டில். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் அவர் விட்டுட்டு வந்த பழைய ஆபீஸ் மெயிலுக்குப் போய்க்கிட்டு இருந்தன. வாட்ஸ்அப்பில் கேட்டதும் அன்னைக்கே உட்கார்ந்து உதவினார். அவர் கிடைக்காமப் போயிருந்தா? டாட் ஆர்க், டாட் காம் மாதிரி பொது டொமைன்களில் காலாவதி ஆன பிறகு ரெஜிஸ்ட்ரார் தரும் சலுகைக் காலம் அதிகபட்சம் 45 நாள். நீக்கப்பட்ட பிறகு மீட்புக் காலம் 30 நாள், அதுக்குக் கட்டணம் தனி. அப்புறம் 5 நாள். அதுக்கும் பிறகு அந்தப் பெயரை யார் வேணும்னாலும் வாங்கலாம். அச்சடிச்ச பாடப் புத்தகம், பேனர் எல்லாத்திலும் அந்தப் பெயர் இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

உங்க சங்கமோ கோயிலோ கடையோ, டொமைனை அமைப்பின் பொது மெயில் முகவரியில், ரெண்டு பேருக்கு அணுகல் இருக்கும்படி வைங்க. உரிமையாளர் விவரத்தை மாத்தினா 60 நாளுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற முடியாதபடி பூட்டு விழலாம். அதனால இந்தத் திருத்தத்தை முன்கூட்டியே முடிங்க.

2. இருக்கிற ரெக்கார்ட் எல்லாத்தையும் எழுதி வைங்க

வெளியிலிருந்து ஒரு டொமைனின் எல்லா ரெக்கார்டையும் பட்டியல் போட முடியாது. பெயர் தெரிஞ்சா அந்தப் பெயருக்குப் பதில் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால பழைய பேனலில் இருந்தே ஸோன் ஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. இதில் பார்க்க வேண்டியவை:

- ஏ: பெயரிலிருந்து ஐபிவி4 முகவரிக்கு.
- குவாட் ஏ (நாலு ஏ சேர்ந்தது): பெயரிலிருந்து ஐபிவி6 முகவரிக்கு.
- சிநேம்: ஒரு பெயருக்கு இன்னொரு பெயர். இது இருக்கும் இடத்தில் வேற ரெக்கார்ட் எதுவும் இருக்கக் கூடாது. அதனாலதான் வெறும் உதாரணம்.ஆர்க்குக்கு சிநேம் போட முடியாது. அங்கே எஸ்ஓஏ, என்எஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு.
- எம்எக்ஸ்: மெயில் எந்த சர்வருக்குப் போகணும். இதில் ஐபி எழுதக் கூடாது, பெயர்தான் எழுதணும். அந்தப் பெயர் சிநேமாகவும் இருக்கக் கூடாது.
- டிஎக்ஸ்டி: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் இதில்தான்.

இப்போ முக்கியமான இடம். பல ஷேர்டு ஹோஸ்டிங்கில் எம்எக்ஸ் ரெக்கார்ட், டொமைனின் பெயரையே காட்டும். அதாவது உதாரணம்.ஆர்க்கின் மெயில், உதாரணம்.ஆர்க்குக்கே போகும். வெப்சைட்டும் மெயிலும் ஒரே மெஷினில் இருந்த வரை பிரச்சினை இல்லை. வெப்சைட்டுக்காக ஏ ரெக்கார்டை மாத்தின அடுத்த நிமிஷம் மெயிலும் புது சர்வர் பக்கம் திரும்பிடும். அங்கே மெயில் வாங்க ஆளே இல்லை. அனுப்பினவரின் மெயில் சர்வர் உடனே கைவிடாது; வழக்கமா நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். ‘போகலை’ என்ற முடிவான பதில் அவருக்கு அதுக்கப்புறம்தான் வரும். அதுவரை ரெண்டு பக்கமும் எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும்.

எங்க ஸோன் ஃபைல் அப்படித்தான் இருந்தது. தீர்வு சுலபம். மெயில்.உதாரணம்.ஆர்க் என்று தனிப் பெயர் வைச்சு, அதுக்குப் பழைய சர்வரின் ஐபியை ஏ ரெக்கார்டா கொடுங்க. ஏற்கெனவே அந்தப் பெயர் சிநேமா இருந்தா அதை எடுத்துட்டு ஏ போடுங்க. அப்புறம் எம்எக்ஸை அந்தப் பெயருக்குத் திருப்புங்க. ஒரு நாள் விட்டு மெயில் வந்து போறதை உறுதி பண்ணிட்டுத்தான் அடுத்த வேலை.

3. டிடிஎல்லை முன்னாடியே குறைங்க

‘டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும்’ என்று எல்லாரும் சொல்வாங்க. உண்மையில் எதுவும் பரவுறதில்லை. உங்க நேம்சர்வரில் மாத்தின நொடியே புதுப் பதில் தயார். உலகமெங்கும் இருக்கும் ரிஸால்வர்கள் பழைய பதிலை டிடிஎல் முடியும் வரை கையில் வைச்சிருக்கும், அவ்வளவுதான். டிடிஎல் 86,400 என்றால் ஒரு நாள், 300 என்றால் 5 நிமிஷம்.

மாற்றத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி டிடிஎல்லை 300 ஆக்குங்க. வேலை நாளன்று குறைச்சா பயன் இல்லை. பழைய 86,400 ஏற்கெனவே ஊரெல்லாம் கேஷில் இருக்கும்.

இல்லாத பெயருக்கும் கேஷ் உண்டு. ரெக்கார்ட் போடுறதுக்கு முன்னாடியே பிரவுசரில் அந்தப் பெயரை அடிச்சுப் பார்த்தா, ‘இல்லை’ என்ற பதிலை ரிஸால்வர் கொஞ்ச நேரம் வைச்சுக்கும். எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏ ரெக்கார்ட் முடிவு பண்ணும். முதலில் ரெக்கார்ட், அப்புறம் சோதனை.

4. டிஎன்எஸ் தொடாமலே புது சர்வரைச் சோதிங்க

1983ல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைக்கும் முன்னாடி, எல்லா கம்ப்யூட்டர் பெயரும் ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இருந்தது. அதன் வாரிசு இன்னும் நம்ம லேப்டாப்பில் இருக்கு. அதில் புது சர்வரின் ஐபியையும் டொமைன் பெயரையும் ஒரே வரியில் எழுதினா, உங்களுக்கு மட்டும் புது வெப்சைட் தெரியும். மத்தவங்களுக்குப் பழையதே. முடிஞ்சதும் அந்த வரியை மறக்காம நீக்குங்க.

இங்கே ஒண்ணு கவனிங்க. ஒரே ஐபியில் பத்து டொமைன் இருக்கலாம். பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் ஹெட்டரை வைச்சுத்தான் எஞ்சின்எக்ஸ் எந்த சர்வர் பிளாக் என்று முடிவு பண்ணுது. பெயர் எதுவும் பொருந்தாட்டி டீஃபால்ட் பிளாக், அப்படித் தனியா குறிக்காட்டி முதல் பிளாக் பதில் சொல்லும். ‘என் டொமைனைத் திறந்தா வேற சைட் வருது’ என்றால் டிஎன்எஸ்ஸைத் திட்டாதீங்க. சர்வர் நேம் வரியைப் பாருங்க. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர் ரெண்டும் அதில் இருக்கணும்.

லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிபிகேட்டுக்கு வழக்கமான ஹெச்டிடிபி சோதனை 80ஆம் போர்ட் வழியா நடக்கும். அதுக்கு டொமைன் ஏற்கெனவே புது சர்வரைக் காட்டணும். மாத்தும் நிமிஷத்தில் யாருக்கும் எச்சரிக்கைப் பக்கம் வரக் கூடாதுன்னா, டிஎக்ஸ்டி ரெக்கார்ட் வழியா நடக்கும் டிஎன்எஸ் சோதனையில் முன்கூட்டியே சர்டிபிகேட் எடுத்துடலாம்.

5. மாற்றும் நாள்

ஏ ரெக்கார்டில் புது ஐபி. கூடவே குவாட் ஏவையும் பாருங்க. பழைய குவாட் ஏ அப்படியே கிடந்தா, ஐபிவி6 உள்ள மொபைலில் பழைய சைட்டும், வீட்டு வைஃபையில் புது சைட்டும் தெரியும். லெட்ஸ் என்க்ரிப்டும் குவாட் ஏ இருந்தா அதைத்தான் முதலில் தேடிப் போகும். புது சர்வரில் ஐபிவி6 இல்லாட்டி அந்த ரெக்கார்டை நீக்கிடுங்க.

அப்புறம் டிக் கட்டளையில் முதலில் உங்க நேம்சர்வரிடமே கேளுங்க. அடுத்து 1.1.1.1, 8.8.8.8 ரெண்டிடமும் கேளுங்க. நேம்சர்வர் சரியா சொல்லி, ரிஸால்வர் பழசையே சொன்னா காத்திருந்தா போதும். நேம்சர்வரே தப்பா சொன்னா காத்திருந்து புண்ணியமில்லை, திருத்தணும்.

6. தொடக் கூடாதவை

நேம்சர்வரை அதே நாளில் மாத்தாதீங்க. டாட் காம் சர்வர்கள் தரும் என்எஸ் பதிலின் டிடிஎல் 1,72,800 வினாடி, அதாவது ரெண்டு நாள். அதை நம்மால குறைக்க முடியாது. டிஎன்எஸ்செக் போட்டிருந்து, ரெஜிஸ்ட்ராரில் பழைய டிஎஸ் ரெக்கார்டை விட்டுட்டு நேம்சர்வரை மாத்தினா, சரிபார்க்கும் ரிஸால்வர்களுக்கு டொமைனே மறைஞ்சிடும்.

அந்த ஒரே விபிஎஸ்ஸில் சொந்த நேம்சர்வரும் வைக்காதீங்க. ரெண்டு நேம்சர்வராவது வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கணும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் நேம்சர்வர்களே இணையத்துக்கு எட்டாமப் போய், சுமார் ஆறு மணி நேரம் அந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாம இருந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அப்படின்னா, மாசம் சில டாலர் விபிஎஸ்ஸை நம்பி இதை வைக்க வேண்டாம்.

எஸ்பிஎஃப் ரெக்கார்ட் ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான். புது சர்வரும் படிவ மெயில் அனுப்புதுன்னா பழைய வரியிலேயே அதைச் சேருங்க. ரெண்டாவது வரி போட்டா ரெண்டுமே செல்லாது. ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை உங்க ஸோன் ஃபைலில் தேடாதீங்க. அது ஐபியின் சொந்தக்காரரான விபிஎஸ் கம்பெனியின் பேனலில் இருக்கும். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் இதையெல்லாம் கண்டிப்பா பார்க்குது.

7. முடிச்ச பிறகு

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து பண்ணாதீங்க. எங்களுக்கு மெயில் இன்னும் அங்கேதான் இருந்தது. அதைத் தனி மெயில் சேவைக்கு மாத்தும் வேலையை, சேர்க்கை முடிஞ்ச மார்ச்சுக்குத் தள்ளி வைச்சோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்றால், ஏதாவது உடையும்போது எதனால உடைஞ்சதுன்னு தெரியும். எல்லாம் நிலையானதும் டிடிஎல்லை 3,600க்கு ஏத்திடுங்க. கடைசியா, ரெக்கார்ட் பட்டியலையும் மூணு சாவியின் விவரத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகக் குழுவில் ரெண்டு பேரிடம் கொடுங்க. நான் கான்ட்ராக்டர், அடுத்த வருஷம் எந்த ஊரில் இருப்பேன்னு எனக்கே தெரியாது. பள்ளி அங்கேதான் இருக்கும்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்க அமைப்பின் டொமைனுக்கு எம்எக்ஸ் என்ன பதில் வருதுன்னு டிக் கட்டளையில் பாருங்க. டொமைன் பெயரே திரும்பி வந்தா ரெண்டாம் பகுதியை இன்னொரு முறை படிங்க. அப்படியே, அது எப்போ காலாவதி ஆகுது, நினைவூட்டல் யார் மெயிலுக்குப் போகுதுன்னும் கேட்டு வைங்க.

அடுத்த எபிசோடில் பேக்கப் பற்றிப் பேசலாம். சந்தேகம் இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க.