வீ.பி.என். போட்டால் நெட் மெதுவாவது ஏன்?

2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்செயல்கள் மூண்டபோது, மார்ச் 7ஆந் திகதி அரசு முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை நாடெங்கும் முடக்கியது. உறவினரின் சுகம் அறியத் துடித்த பலர் அப்போதுதான் வீ.பி.என். செயலியை முதன்முதலாகப் போனில் இறக்கினர். 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்பும், 2022 ஏப்ரல் 3ஆந் திகதியும் அதே தடை, அதே செயலி. தடை நீங்கி ஆண்டுகள் கழிந்தும் அதனை இயங்கவிட்டபடியே, “நெட் சரியான ஸ்லோ, பாதர்” என எம்மிடம் முறையிடுவோர் உளர். பெரிய டேட்டா பெக்கேஜுக்குக் காசு கட்டுமுன் இதனைச் சற்று ஆராய்வோம்.

வீ.பி.என். நமது தகவலைப் பூட்டிட்டு, வேறோர் ஊரிலுள்ள கணினி வழியாகச் சுற்றி அனுப்புகிறது. பூட்டவும் சுற்றிச் செல்லவும் நேரம் எடுக்கும். வாய்க்காலில் வராத நீரை மடை திறந்து பெற முடியுமா? 2018இல் கண்டியின் சில இடங்களில் இணையமே துண்டிக்கப்பட்டபோது வீ.பி.என். இருந்தும் பயன்படவில்லை.

எனவே முதலில் அதனை நிறுத்திவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள். பின் இயக்கி அளவுங்கள். 10 இருந்தது 8 ஆனால் இயல்பு. 2 ஆனால் கோளாறு வீ.பி.என்.இல். இரு தடவையும் 2 என்றால் கோளாறு லைனில். மலைச்சரிவும் தகரக் கூரையும் சிக்னலை மறைக்கும். றவுட்டரை கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலருகே, உயரத்தில் வையுங்கள்.

கோளாறு வீ.பி.என்.இல் எனின், எந்த நாட்டைத் தெரிந்திருக்கிறீர்கள் எனப் பாருங்கள். அமெரிக்காவை விட்டு மும்பையையோ சிங்கப்பூரையோ தெரிவுசெய்தால் சுற்றுவழி பெரிதும் குறையும். செயலியில் ‘வயர்காட்’ என்ற முறை இருந்தால் அதையே எடுங்கள். பழைய முறைகளைவிட அது பொதுவாக விரைவானது. வீட்டிலிருந்து கம்பனி வேலை செய்யும் பிள்ளைகள், கம்பனி வேலை மட்டும் வீ.பி.என். வழியே போகும்படி செய்துதர முடியுமா என அலுவலகத்தில் கேட்கலாம். வீட்டார் பார்க்கும் படமெல்லாம் அவ்வழியே போக வேண்டியதில்லை.

இலவச வீ.பி.என். பற்றி நாம் கண்டிப்பாகவே சொல்கிறோம். ஒரே கணினியைப் பெருந்தொகையினர் பங்கிடுவதால் அது மெதுவாகிறது. அத்துடன், காசு வாங்காத சில செயலிகள் நாம் எங்கே போகிறோம் என்பதைக் குறித்துவைத்து விளம்பரக்காரருக்கு விற்கின்றன. வங்கிக் கணக்கைப் போனில் பார்ப்போர் அத்தகையதை அழித்துவிடுவதே நல்லது.

அன்ட்ரொயிட் போனின் மேற்பட்டியில் சிறு சாவி அடையாளம் தெரிந்தால், வீ.பி.என். இன்னும் இயங்குகிறது.