கழுத்தை விடுவித்தல்

திருக்குர்ஆனின் 90-வது அத்தியாயமான 'அல் பலத்' சூரா, நன்மையின் வழியை ஏறுவதற்குக் கடினமான கணவாய்க்கு ஒப்பிடுகிறது. அதில் முதலாவதாகச் சொல்லப்படும் அமல் 'ஃபக்கு ரகபா'. ரகபா என்றால் கழுத்து. அடிமையின் கழுத்தைத் தளையிலிருந்து விடுவிப்பது என்பது கருத்து. யதீமுக்கு உணவளிப்பதுங்கூட இதன் பின்னர்தான் வருகிறது. மக்தபுப் பிள்ளைகளும் மனனம் செய்யும் சூரா இது. ஆயினும், "இக்காலத்தில் அடிமை ஏது?" என்று பலர் இவ்விடத்தைக் கடந்து போய்விடுகின்றனர்.

உலக சரித்திரத்தில் அடிமை வியாபாரம் நடவாத பகுதி அரிது. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் வழியாக மட்டும் சுமார் ஒன்றேகால் கோடி மக்கள் கப்பலேற்றப்பட்டனர். ஐரோப்பியரைக் குறை கூறிவிட்டு நாம் நின்றுகொள்வது நேர்மையன்று. முஸ்லிம் அரசர்களின் நாடுகளிலும் மனிதர் விற்கப்பட்டனர். தூனிஸின் அஹ்மத் பே 1846-லேயே அடிமை முறையை ஒழித்தார். சவூதி அரேபியா ஒழித்ததோ 1962-ல், மவ்ரித்தானியா 1981-ல்.

நம் நாட்டில் 1843-ம் ஆண்டின் சட்டம், அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்றது. ஆனால் பண்ணையாளும் படியாளும் மறைந்துவிடவில்லை. சங்கிலி போய், கடன் வந்தது.

1965-ல் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்த நம் தர்மபுரி மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பென்னாகரம், அரூர் பக்கத்துக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் வெளியூர் வேலைக்குப் புறப்படுவதை நாம் அறிவோம். அவ்விதம் ஒரு குடும்பம் செங்கல் சூளைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மேஸ்திரி கல்யாணச் செலவுக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் கொடுக்கிறார். கூலியில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. கணக்கு நோட்டோ முதலாளியிடம். வாரச் செலவுக்கு வாங்கியதும் கடனிலேயே ஏறுகிறது. சீசன் முடிந்தும் கடன் தீரவில்லை. "தீர்த்துவிட்டுப் போ" என்கிறார்கள். இதுதான் கொத்தடிமை முறை.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது? கூலியை முன்கூட்டிக் கொடுப்பது ஆகுமானதே, அதில் குற்றமில்லை. ஆனால் கொடுத்த கடனைக் காட்டி, குறைந்த கூலிக்கு வேலை வாங்கினால் அது கடனால் அடையும் இலாபம். கடன் இழுத்துவரும் இலாபம் வட்டி என்பது ஃபிக்ஹு நூல்களின் பிரபலமான விதி. பேங்க் வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் முதலாளி, தன் சூளையில் இந்த வட்டியை உண்ணலாமா? சுதந்திரமான மனிதனை விற்று அதன் கிரயத்தைத் தின்றவனுக்கும், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கும் மறுமையில் தானே எதிரி என அல்லாஹ் கூறுவதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. அவ்விருவரும் ஒரே ஹதீஸில் வருவதைக் கவனிக்க வேண்டும். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்குத் தவணை தரவேண்டும் என்பது அல்பகரா சூராவின் 280-வது வசனத்தின் கட்டளை.

அரசாங்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர்மீதே விழுகிறது. குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-ல், டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் விடுதலைக்கு 300 பேரீச்ச மரங்களும் 40 ஊக்கியா தங்கமும் விலையாகப் பேசப்பட்டன. ஸஹாபாக்கள் ஆளுக்கு இத்தனை என்று கன்றுகள் கொண்டுவர, நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். ஆகவே மஹல்லாவினர் பணம் திரட்டி முதலாளியின் கடனை அடைக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். சட்டப்படி செல்லாத கடனுக்கு அநீதி இழைத்தவர் கையில் பணம் கொடுப்பது சரியன்று என்பது நம் கருத்து. விடுபட்டு வருகிற குடும்பத்தின் கையில் கொடுக்கவேண்டும். அவர்கள் முஸ்லிம் ஏழைகளானால் ஜகாத் பொருந்தும். பிற சமயத்தாரானால் ஸதகாவைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

முதல் வேலை மனு எழுதுவது. கலெக்டரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுத்தால் அவர்கள் விசாரித்து விடுதலைச் சான்று வழங்குவர். அரசின் மறுவாழ்வுத் தொகைக்கு அந்தச் சான்றுதான் ஆதாரம். எழுதத் தெரியாதவருக்கு நம் மத்ரஸா மாணவர் ஒருவர் கூடவே போய் எழுதிக் கொடுக்கலாம்.