பழைய போனுக்கு எந்த ரோம்?

2018-ல் வந்த போக்கோ எஃப்1 வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்னாப்டிராகன் 845 சிப். அன்றைய விலைக்கு அது அநியாய வேகம். ஆண்ட்ராய்டு 8.1-ல் தொடங்கிய அந்தப் போனுக்கு அதிகாரபூர்வ அப்டேட் ஆண்ட்ராய்டு 10-ஓடு நின்றுபோனது. லினேஜ் ஓஎஸ் போன்ற மாற்று மென்பொருளைப் போட்டவர்கள் மட்டும் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் அதிலேயே ஓட்டினார்கள். இந்த மாற்று மென்பொருளைத்தான் கஸ்டம் ரோம் என்பார்கள். அந்த ஆசை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: போன் நன்றாக இருக்கிறது, கம்பெனிதான் கைவிட்டுவிட்டது.

ஆனால் எந்த ரோம் நல்லது என்று தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். போன் ஆன் ஆகும்போது மென்பொருளை ஏற்றும் பூட்லோடரைத் திறக்க உங்கள் போன் கம்பெனி விடுமா? உங்கள் வங்கி ஆப்பும் ஜிபேயும் இதே போனில்தான் இருக்கப் போகின்றனவா? பாதிப் பேருக்கு இங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

முதல் விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி கதை வேறு. கூகுள் பிக்சலில் செட்டிங்ஸில் ஒரு பொத்தான், கணினியில் ஒரு கட்டளை, அவ்வளவுதான். மோட்டோரோலா தன் இணையதளம் வழியாகத் திறப்பதற்கான கோடு தருகிறது. எல்லா மாடலுக்கும் இல்லை. ஷாவ்மியில் கணக்கைப் போனோடு இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 168 மணி நேரம் என்பது பலரும் பார்த்த எண். ஹைப்பர் ஓஎஸ் வந்த பிறகு நிபந்தனைகள் இன்னும் இறுகிவிட்டன. சாம்சங்கில் ஒருமுறை திறந்து வேறு மென்பொருள் ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஃப்யூஸ் எரிந்துவிடும். பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் வராது. ஒன் யூஐ 8-ல் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். ஹுவாவே 2018-லேயே கோடு தருவதை நிறுத்திவிட்டது. விவோவில் அதிகாரபூர்வ வழியே இல்லை. திறக்க முடிகிற போனிலும், திறந்த மறுநொடி உள்ளே இருக்கும் போட்டோ, சாட் எல்லாம் அழிந்துவிடும்.

இரண்டாவது விஷயம் நம் ஊரில் இன்னும் முக்கியம். பிளே இன்டெக்ரிட்டி என்று கூகுளிடம் ஒரு சோதனை இருக்கிறது. இந்தப் போன் கம்பெனி தந்த நிலையில் இருக்கிறதா என்று ஆப் கேட்கும், கூகுள் பதில் சொல்லும். பூட்லோடர் திறந்திருந்தால் பதில் சாதகமாக வராது. சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுத்துவிடும். மேஜிஸ்க் என்ற ரூட் கருவியைப் போட்டு, அதன்மேல் மாட்யூல் போட்டு மறைக்கிறவர்கள் உண்டு. இன்று வேலை செய்வது அடுத்த மாதம் செய்யாது. பெட்ரோல் பங்கில் ஸ்கேனரைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது அது தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? யுபிஐ இருக்கும் ஒரே போனில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இவ்வளவும் தாண்டிவிட்டீர்கள் என்றால், தேர்வு உண்மையில் மூன்று பெயர்களுக்குள் அடங்கும்.

பழைய போனுக்கு லினேஜ் ஓஎஸ். 2016 கடைசியில் சயனோஜென்மாட் மூடப்பட்டபோது அதன் சாம்பலிலிருந்து எழுந்தது இது, தன்னார்வலர்கள் நடத்துவது. விளம்பரம் கிடையாது, தேவையில்லாத ஆப்கள் கிடையாது, கூகுள் ஆப்களும் கிடையாது. வேண்டுமென்றால் அந்தத் தொகுப்பைத் தனியாக ஏற்றிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது உங்கள் மாடலின் குறியீட்டுப் பெயர். ரெட்மி நோட் 8 ஜின்கோ, நோட் 8 ப்ரோ பெகோனியா. பெயர் ஒட்டியிருந்தாலும் முதலாவதில் ஸ்னாப்டிராகன், இரண்டாவதில் மீடியாடெக். ஒன்றின் கோப்பை இன்னொன்றில் ஏற்றினால் போன் பிரிக் ஆக, அதாவது செயலற்றுப்போக, வாய்ப்பிருக்கிறது. அதிகாரபூர்வப் பட்டியலில் உங்கள் மாடல் இல்லையென்றால் டெலிகிராம் குழுக்களில் யாரோ கட்டிய பில்ட் கிடைக்கும். இரண்டாவது போனாக, விளையாட்டுக்கு என்றால் சரி. தினமும் பேசும் போனில் அதை ஏற்ற நான் சொல்லமாட்டேன்.

லினேஜில் பூட்லோடர் பொதுவாகத் திறந்தபடியே இருக்கும் என்பதால் போன் தொலைந்தால் பாதுகாப்பு குறைவு. இந்தக் குறையே இல்லாதது கிராஃபீன் ஓஎஸ். அது இப்போதைக்கு பிக்சலுக்கு மட்டும். ஏற்றி முடித்ததும் பூட்லோடரை மறுபடி பூட்டிவிடலாம். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் மென்பொருளில் யாரும் கை வைக்கவில்லையா என்று போனே சரிபார்க்கும். கூகுள் பிளேயைச் சிறப்புச் சலுகை எதுவும் இல்லாத சாதாரண ஆப்பாக நிறுவிக்கொள்ளலாம். எந்த ஆப்புக்கு இன்டர்நெட் வேண்டாமோ அதற்கு மட்டும் நிறுத்திவிடலாம். நிறுவுவதும் குரோம் பிரவுசரில் பொத்தான்களை வரிசையாக அழுத்தும் வேலைதான். வங்கி ஆப் சங்கடம் இதிலும் முழுதாகத் தீராது. பிக்சல் விலை நம் ஊரில் அதிகம் என்பது வேறு. பிக்சல் 8-லிருந்து 7 ஆண்டு அப்டேட் வருவதால், தனியுரிமைக்காகவே புதுப் போன் வாங்குகிறவருக்கு மட்டும் அந்தக் கணக்கு சரிப்படும்.

மூன்றாவது, மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய கேல் துவாலின் இ ஓஎஸ். லினேஜை அடித்தளமாகக் கொண்டு, கூகுள் சேவைகளின் இடத்தில் மைக்ரோஜி என்ற மாற்றை வைத்துத் தருகிறார்கள். கூகுளைவிட்டு வெளியேற வேண்டும், ஆனால் ஒவ்வொன்றையும் நானே தேடி அமைக்க நேரமில்லை என்பவருக்கு இது பொருந்தும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் வேகத்தில் கிராஃபீனோடு ஒப்பிட முடியாது.

சிம்மையும் மறக்கக் கூடாது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. ரோமில் வோல்ட்இ (4ஜி வழி அழைப்பு) வேலை செய்யவில்லையென்றால் ஜியோ சிம்மில் இன்டர்நெட் வரும், சாதாரண அழைப்பு வராது. ஏர்டெல் 2ஜிக்கு இறங்கியாவது பேச வைக்கும். உங்கள் மாடலில் வோல்ட்இ ஓடுகிறதா என்று, ஏற்றியவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேமராவையும் கேளுங்கள். கம்பெனியின் கேமரா ஆப் போய்விடுவதால் படத்தின் தரம் இறங்குவது சகஜம். வீடியோக்களுக்கான வைட்வைன் பாதுகாப்பு எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கிவிட்டால் நெட்ஃபிளிக்ஸில் எச்டியும் கிடைக்காது.

விளம்பரமும் குப்பை ஆப்களும்தான் தொல்லை என்றால் ரோமே வேண்டாம். பூட்லோடரைத் தொடாமல், கணினியில் ஏடிபி என்ற கருவியை வைத்து அந்த ஆப்களை உங்கள் பயனர் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். வங்கி ஆப் பொதுவாகக் கண்டுகொள்ளாது. வேண்டாமென்றால் ஃபேக்டரி ரீசெட்டில் எல்லாம் திரும்ப வந்துவிடும். என்னிடம் கேட்பவர்களில் பலருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதையும் தாண்டி லினேஜ்தான் என்று முடிவெடுத்தவருக்கு ஒரு விஷயம். ரெக்கவரியிலிருந்து கோப்பை சைட்லோட் செய்யும்போது கணினித் திரையில் எண் ஏறிக்கொண்டே வந்து 47 சதவீதத்தில் நின்றுவிடலாம். பதறி கேபிளைப் பிடுங்காதீர்கள்; வேலை முடிந்த பிறகும் பல போன்களில் கணக்கு அங்கேயே நின்றுவிடும். போனின் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிழைச் செய்தி எதுவும் இல்லையென்றால் கூகுள் ஆப்கள் வேண்டுமா என்று அப்போதே முடிவெடுத்து, முதல்முறை ஆன் செய்வதற்கு முன்னால் அதையும் ஏற்றிவிடுங்கள். ஒருமுறை ஆன் செய்துவிட்டுப் பிறகு ஏற்றினால் பெரும்பாலும் மறுபடி முழுக்க அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.