காவலர் அதிகாரமும் அதன் எல்லையும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையருகே சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. பணி முடிந்த தொழிலாளர் அங்கே பேருந்துக்குக் காத்து நிற்கையில், ஒருவன் குடிமயக்கத்தால் கூச்சலிட்டுப் பிறரை அடிக்க முற்படுகின்றான் என்று கொள்வோம். காவலர் யாது செய்யலாம்?

2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகின்றது. குற்றம் நிகழாவண்ணம் காவலர் இடும் முறையான கட்டளைக்கு யாவரும் கீழ்ப்படிதல் வேண்டும். மறுப்பவனை அவர் அவ்விடத்தினின்று அகற்றலாம். குற்றவியல் நடுவர்முன் நிறுத்தலாம். சிறு நிகழ்ச்சியாயின் 24 மணி நேரத்திற்குள் விடுவிக்கலாம். தண்டிக்கும் அதிகாரமோ அவர்க்கு இல்லை. அது நீதிமன்றத்திற்கே உரியது.

அதே சாலையோரம் தொழிலாளர் ஆயுதமின்றி அமைதியாகக் கூடித் தம் குறையைக் கூறுவாராயின், அது குழப்பம் அன்று; அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு அளித்த உரிமை. இவ்விரண்டையும் பிரித்தறிதலே காவலர்க்கு அழகாம்.