எல்லார்க்கும் எட்டும் இணையதளம்

எழுத்தினை ஒலிவடிவம் என்றும் வரிவடிவம் என்றும் பகுத்துக் காண்பது தமிழிலக்கண மரபு. மாணவர் இதனைத் தேர்வுக்குப் படித்துப் பின் மறந்துவிடுவதுண்டு. ஆயினும், பிறர்க்கு இணையதளம் அமைத்துத் தருவதையே தனித்தொழிலாகக் கொண்டு, ஃப்ரீலான்சர் என வழங்கப்பெறும் இளைஞர்க்கு இப்பாகுபாடு இன்று கைமேற் பயன் தருவதாகும். பார்வையற்றோர் இணையதளத்தைச் செவியால் படிக்கின்றனர். என்.வி.டி.ஏ. முதலிய திரைவாசிப்பு மென்பொருள்கள் பக்கத்திலுள்ள எழுத்தை ஒலியாக்கித் தருகின்றன. என்.வி.டி.ஏ. விலையின்றியே கிடைக்கிறது.

தமிழுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று இங்கு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வரிவடிவங்கள் பொருத்தப்பட்டன. ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தோன்றும் சொல், கணினியின் நினைவில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கும். திரைவாசிப்பான் அதனையே ஒலிக்கும். கேட்பவர்க்கு என்ன விளங்கும்? வரிவடிவம் உண்டு, ஒலிவடிவம் இல்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்னும் வேறு குறியீடுகளையே பரிந்துரைத்தது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சான ஆவணங்கள் இன்னும் பல அலுவலகங்களில் கிடக்கின்றன. வாடிக்கையாளர் அத்தகைய கோப்பைத் தந்தால், அதனைப் படமாக்கி ஒட்டிவிடுவது எளிது. ஒருங்குறிக்கு மாற்றிப் பிழை திருத்துவதே முறை. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலின் தொடக்கத்திலேயே அறிவித்தலும் வேண்டும். இல்லையெனில் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று தடுமாறும்.

அடுத்துப் படங்கள். மாமல்லபுரத்தில் விடுதி நடத்தும் ஒருவர் தமக்கு இணையதளம் வேண்டுகிறார் என்று கொள்வோம். அருச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பத்தின் படம் முகப்பில் இடம்பெறும். படத்தைக் காண இயலாதவர்க்காக நிரலில் எழுதப்படும் மாற்றுரையில் ‘படம் 1’ என்றிருந்தால் ஒருவர்க்கும் பயனில்லை. ‘பெரும்பாறையின் நடுவே ஒரு பிளவு, அதன் இருமருங்கும் தேவரும் மாந்தரும் விலங்குகளும், வலப்புறம் யானைகள், யானையின் அருகே முன்கால்களை உயர்த்தித் தவம் செய்வதுபோல் நிற்கும் பூனை, அதனைச் சூழ எலிகள்’ என்று எழுதினால் கேட்பவர் உள்ளத்தில் சிற்பம் எழும். இச்சிற்பம் அருச்சுனன் தவமா, கங்கை இறங்கிய காட்சியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாற்றுரையில் அவ்வாராய்ச்சி வேண்டா. காணப்படுவதைச் சொன்னால் போதும், ஆய்வைக் கட்டுரைப் பகுதியில் வைத்துக்கொள்ளலாம். இது கணினித் துறையினரைவிடத் தமிழ் மாணவர் திறம்படச் செய்யத்தக்க பணி என்பது என் கருத்து.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். அறை பதிவு செய்யும் படிவம் சுட்டியின் துணையின்றி விசைப்பலகையாலேயே இயங்கவேண்டும். கை நடுக்கமுடையோர்க்கும் அது உதவும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வேண்டும். ‘இங்கே சொடுக்குக’ என்று பத்து இணைப்புகள் இருந்தால், இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவர்க்குப் பத்தும் ஒன்றே. கடற்கரை விடுதி என்பதால் வெண்மணல் நிறத்தில் வெளிர் எழுத்து வைக்க ஆசை எழும். ஆனால் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் உலகளாவிய நெறிமுறை, இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்னும் ஒளிமாறுபாட்டை இரண்டாம் நிலைத் தகுதிக்கு வேண்டுகிறது. வயது முதிர்ந்த நம் பெரியோர் இதன் அருமையை அறிவர்.

இவையெல்லாம் எப்பொழுது திட்டமிடப்படவேண்டும்? விலை பேசும்பொழுதே. தனியாளாகத் தொழில் செய்பவர் தளத்தைக் கட்டி முடித்தபின் திருத்தப் புகுந்தால், அவ்வுழைப்புக்குக் கூலி தருவார் இல்லை. ஆகவே எந்நெறிமுறையின் எந்நிலைக்கு ஏற்ப அமைக்கப்படும், எழுத்துகளையும் மாற்றுரைகளையும் யார் தருவது, எவ்வாறு சோதிக்கப்படும் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுதல் நன்று. தளத்தை ஒப்படைத்தபின் புதுப்படம் ஏற்றுவோர் வாடிக்கையாளரே ஆதலின், மாற்றுரை எழுதும் முறையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். “எங்கள் விடுதிக்குப் பார்வையற்றோர் யார் வருகிறார்கள்?” என்று அவர் வினவக்கூடும். பதிவு செய்ய இயலாத தளத்தின் வழி அவர்கள் எங்ஙனம் வருவர்?

இது வெறும் இரக்கத்தின்பாற் பட்டதும் அன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று, வங்கி முதலியவற்றில் கணினிவழி அடையாளம் காட்ட இயலாத பார்வையற்றோரும் அமில வீச்சால் பாதிக்கப்பட்டோரும் தொடர்பான வழக்குகளில், மின்னணுச் சேவைகளை அடைதல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சோதனைக்கு ஓர் எளிய வழி உண்டு. திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானை மட்டும் இயக்கி, தாம் கட்டிய தளத்தில் ஓர் அறையைப் பதிவு செய்ய முயன்று பார்க்கலாம். அதன்பின், பார்வையற்ற மாணவர் ஒருவரை அழைத்து அதே பணியைச் செய்யச் சொல்லி, அவர் தடைப்படும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் செலவிடும் நேரத்துக்குரிய ஊதியத்தையும் மதிப்பீட்டுத் தொகையிலேயே சேர்த்துவிடுக.